கமடோர் 64-ல் கறுப்புத் திரை: ஈயம் வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கமடோர் 64-ஐ ஆன் செய்தால் சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் டிவியில் ஒன்றுமே வரவில்லை. 1982-ல் விற்பனைக்கு வந்த இந்த வீட்டுக் கணினி இன்று யார் கைக்குக் கிடைத்தாலும் பெரும்பாலும் இந்த நிலையில்தான் கிடைக்கிறது. உடனே இணையத்தில் தேடினால் ஒருவர் பிஎல்ஏ என்ற சிப் போயிருக்கும் என்பார், இன்னொருவர் ராம் என்பார், மூன்றாமவர் எல்லா கெப்பாசிட்டரையும் மாற்றச் சொல்வார். மூவர் சொல்வதும் எங்கோ ஒரு போர்டில் உண்மையாக இருந்திருக்கும், ஆனால் உங்கள் போர்டில் எது என்று தெரியாமல் ஈயத்தை உருக்க ஆரம்பித்தால் இருந்த கோளாறோடு நீங்கள் புதிதாகச் சேர்த்த கோளாறையும் தேட வேண்டியிருக்கும்.

திரை கறுப்பாக இருப்பதிலும் வகைகள் உண்டு, அதை வைத்தே பாதி வேலையை முடித்துவிடலாம். அதற்கு முன் பவர் சப்ளை. அதைச் சோதிக்காமல் இந்தக் கணினியின் ஸ்விட்சைத் தொடவே கூடாது.

பவர் சப்ளை: முதல் சந்தேகம் இதன் மேல்தான்

கமடோர் 64-உடன் வந்த செங்கல் போன்ற அடாப்டர் இரண்டு மின்னழுத்தங்களைத் தருகிறது: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. 5 வோல்ட் நேராகச் சிப்களுக்குப் போகிறது, நடுவில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அடாப்டருக்குள் இருக்கும் ரெகுலேட்டர் பிசினில் புதைந்து கிடப்பதால் சூடு வெளியேறாது. வயதானதும் அது கெட்டுப்போகும்போது மின்னழுத்தம் குறைவதில்லை, கூடுகிறது. 6, 7 வோல்ட் என்று ஏறினால் முதலில் சாவது ராம் சிப்கள், அப்புறம் மற்றவை. நேற்று வரை நன்றாக ஓடிய கணினி இன்று கறுப்பாக நிற்கிறது என்றால் கொன்றது அடாப்டராகவே இருக்கலாம், அதே அடாப்டரைச் செருகிக்கொண்டு நீங்கள் ரிப்பேர் பார்க்கப் போகிறீர்கள்.

கணினியில் செருகாமல், 7 கால் டின் (DIN) என்னும் வட்டப் பிளக்கில் மல்டிமீட்டரை வையுங்கள். 5-ம் காலுக்கும் 2-ம் காலுக்கும் நடுவே 5 வோல்ட் டிசி, 6-க்கும் 7-க்கும் நடுவே ஏசி. லோடு இல்லாமல் ஏசி பக்கம் 10, 11 என்று காட்டும், அது பரவாயில்லை. டிசி 5.25-ஐத் தாண்டினால் அந்த அடாப்டர் குப்பைக்கு. தாண்டவில்லை என்றாலும் அதோடு நம்பிவிட வேண்டாம், சூடானபின் ஏறும் அடாப்டர்கள் நிறைய. 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட்டின் குறுக்கே போட்டால் ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். அப்படியே அரை மணி நேரம் விட்டு, இடையிடையே அளந்து பாருங்கள். ரெசிஸ்டர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், அதனால் மரத்தின் மேலோ பிளாஸ்டிக் மேலோ வைக்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், பிசின் அடாப்டர் சோதனையில் பாஸ் ஆனாலும் அதை அலமாரியில் வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள். இந்தக் கணினிக்கென்றே தயாரித்த புதிய சப்ளைகள் கிடைக்கின்றன. நீங்களே செய்வதானால் நல்ல 5 வோல்ட், 2 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் ஒன்றும், 9 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஒன்றும் போதும். நம் ஊர்க் கடைகளில் 9-0-9 டிரான்ஸ்பார்மர்தான் எளிதில் கிடைக்கும். அதில் நடு வயரையும் ஓர் ஓர வயரையும் மட்டும் எடுக்க வேண்டும். இரண்டு ஓரங்களையும் எடுத்தால் 18 வோல்ட் உள்ளே போகும். அமெரிக்காவிலிருந்து வந்த கணினியானால் அதன் அடாப்டர் 110 வோல்ட்டுக்கானது என்பதையும் மறக்க வேண்டாம். 230 வோல்ட் பக்கம் கை வைக்கப் பழக்கமில்லாதவர்கள் ரெடிமேட் வாங்குவதே சரி.

டிவி என்ன சொல்கிறது?

கணினியின் பின்பக்கமும் பக்கவாட்டிலும் செருகியிருப்பதை எல்லாம் கழற்றுங்கள்: கார்ட்ரிட்ஜ், டேப், டிரைவ், ஜாய்ஸ்டிக். கார்ட்ரிட்ஜ் ஸ்லாட்டில் ஒரு கம்பி தவறாக இழுத்தாலே கறுப்புத் திரை வரும்.

ஆன்டெனா ஒயர் வழியாகச் சோதிக்க வேண்டாம். இன்றைய டிவியில் அனலாக் சேனலைத் தேடிப் பிடிப்பதே ஒரு தனி வேலை. வீடியோ டின் சாக்கெட்டின் 4-ம் காலில் கம்போசிட் வீடியோ வருகிறது, 2-ம் கால் கிரவுண்ட். அதிலிருந்து ஏவி கேபிள் ஒன்று செய்தோ வாங்கியோ மஞ்சள் சாக்கெட்டில் கொடுங்கள். இந்தக் கணினி தருவது சாதாரண டிவி ஒளிபரப்பைப் போன்ற சிக்னல் அல்ல. பால் (PAL, இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இருந்த டிவி முறை) மாடலில் 312 கோடுகள்தான், இன்டர்லேஸ் கிடையாது. சில எல்இடி டிவிகள் இதை ஏற்காமல் "சிக்னல் இல்லை" என்று சொல்லிவிடும். அதனால் பழைய பிக்சர் டியூப் டிவியில் பார்ப்பதே நம்பகமானது.

இப்போது ஆன் செய்து திரையைப் பாருங்கள். சரியான கணினியில் இரண்டு மூன்று விநாடி கழித்து வெளிர்நீல ஓரமும் நடுவே நீலமும் வந்து, வாசகமும் சிமிட்டும் கர்சரும் தெரியும். உங்களுக்கு வருவது இந்த மூன்றில் ஒன்று:

புள்ளிமழையோ "சிக்னல் இல்லை" என்ற செய்தியோ வந்தால் வீடியோ சிப்பே ஓடவில்லை.

படம் கறுப்புதான், ஆனால் டிவி அதை ஒரு சிக்னலாக ஏற்றுக்கொண்டிருக்கிறது, புள்ளிமழை நின்றுவிட்டது என்றால் வீடியோ சிப் உயிரோடு இருக்கிறது. ப்ராசஸர்தான் அதனிடம் வேலை வாங்கவில்லை.

நீலமும் ஓரமும் வந்து எழுத்து மட்டும் இல்லை என்றால் கணினி கிட்டத்தட்ட முழுவதும் ஓடுகிறது.

காரணம் எளிது. ரீசெட் ஆனதும் ப்ராசஸர் கெர்னல் ரோமில் இருக்கும் கணினியின் அடிப்படை நிரலைப் படிக்கத் தொடங்குகிறது. அது முதலில் உள்ளீட்டுச் சிப்களைத் தயார் செய்து, ராமைச் சோதித்து, அதற்குப் பிறகுதான் வீடியோ சிப்பில் நிறங்களை எழுதுகிறது. அதன் பின் பேசிக் ரோமுக்குத் தாவுகிறது. எனவே நீலம் வரவில்லை என்றால் நிறம் எழுதும் இடத்துக்கு முன்பே நின்றிருக்கிறது. நீலம் வந்து எழுத்து இல்லை என்றால் தாவிய இடத்தில் கோளாறு, அதாவது போர்டில் யு3 என்று அச்சிட்ட இடத்தில் இருக்கும் பேசிக் ரோம் மேல் சந்தேகம்.

திறந்தபின் முதலில் ஃப்யூஸ்

அடியில் முன்பக்கமாக மூன்று திருகுகள். மேல்மூடியைத் தூக்கும்போது கீபோர்டு ஒயரும் விளக்கு ஒயரும் இழுபடும், மெதுவாகக் கழற்றுங்கள். போர்டின் மேல் அட்டையில் ஒட்டிய அலுமினியத் தாளோ தகரமோ இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். ஐசியைத் தொடும் முன் எர்த் ஆன உலோகம் எதையாவது தொட்டுக்கொள்ளுங்கள், இந்தச் சிப்கள் ஸ்டாட்டிக்குக்கு எளிதில் பலியாகும். ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். போர்டின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்: 326298, 250407, 250425 ஆகியவை நீளமான பழைய போர்டுகள். 250466-ல் எட்டு ராம் சிப்களுக்குப் பதில் இரண்டு மட்டும். 250469 என்பது பின்னால் வந்த குட்டிப் போர்டு, அதில் சிப்களே வேறு. இங்கே சொல்லும் யு எண்கள் நீளமான போர்டுகளுக்கு உரியவை.

போர்டில் கண்ணாடி ஃப்யூஸ் ஒன்று இருக்கிறது, 1.5 ஆம்பியர். அது 9 வோல்ட் ஏசி பக்கத்துக்கு. விளக்கு எரிவது 5 வோல்ட்டில், அது வேறு வழியாக வருகிறது. ஆகவே ஃப்யூஸ் போயிருந்தாலும் விளக்கு ஜோராக எரியும், பார்ப்பவருக்குக் கணினி ஓடுவது போலவே தோன்றும். ஆனால் அந்த 9 வோல்ட்டிலிருந்துதான் 7812 ரெகுலேட்டர் 12 வோல்ட்டும், 7805 ரெகுலேட்டர் வீடியோ பகுதிக்கான தனி 5 வோல்ட்டும் எடுக்கின்றன. அவை இல்லாமல் வீடியோ சிப் இல்லை. ஃப்யூஸைக் கண்ணால் பார்த்துச் சரி என்று முடிவு செய்யாதீர்கள், கழற்றி மல்டிமீட்டரில் பீப் வருகிறதா என்று பாருங்கள். புதிதாகப் போட்டதும் மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, பெரிய ஃப்யூஸ் போட்டுச் சமாளிக்கக் கூடாது.

அடுத்து மின்னழுத்தங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து 7812-ன் வெளியீட்டில் 12, 7805-ன் வெளியீட்டில் 5 வருகிறதா என்று பாருங்கள். யு19 என்னும் வீடியோ சிப் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும், மூடியை நெம்பி எடுக்கலாம். அதன் 40-ம் காலில் 5, 13-ம் காலில் 12 வர வேண்டும். ரெகுலேட்டர் போயிருந்தால் மகிழ்ச்சியடையலாம், சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

ராமில் அளக்கும்போது கவனம். 4164 சிப்பில் 5 வோல்ட் வருவது 8-ம் காலில், கிரவுண்ட் 16-ல். பக்கத்திலேயே இருக்கும் 74 வரிசைச் சிப்களில் இது நேர் எதிர். பழக்கத்தில் 16-ல் முனையை வைத்து, "இங்கே வோல்ட்டே வரவில்லையே" என்று பதறுபவர்கள் உண்டு.

ஈயம் தொடாமல் செய்யக்கூடியவை

சாக்கெட்டில் இருக்கும் சிப்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மறுபடி உட்கார வையுங்கள். நாற்பது ஆண்டுத் துரு காலுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். கால் கறுத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் போட்டுத் துடையுங்கள், அழுத்தி வளைத்தால் உடைந்துவிடும். யு18-ல் இருக்கும் சிட் என்ற ஒலிச் சிப் சாக்கெட்டில் இருந்தால் அதைக் கழற்றித் தனியே வையுங்கள். அது இல்லாமலும் கணினி எழும். பழைய 6581 சிட் இன்று விலைமதிப்புள்ளது, சந்தேகத்துக்குரிய போர்டில் அதை விட்டுவைப்பதில் அர்த்தமில்லை. யு1, யு2 இரண்டும் ஒரே 6526 சிப்தான், சாக்கெட்டில் இருந்தால் இடம் மாற்றிப் பார்க்கலாம்.

அடுத்து விரல் சோதனை. ஒரு நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் விரலை லேசாக வையுங்கள். வீடியோ சிப், பிஎல்ஏ, ப்ராசஸர், சிட் நான்கும் சூடாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ராம் சிப்கள் எட்டும் (யு9 முதல் யு12 வரை, யு21 முதல் யு24 வரை) ஒரே அளவு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அதில் ஒன்று மட்டும் விரலைச் சுட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டது. மைக்ரான் நிறுவனத்தின் எம்டி முத்திரை போட்ட ராம்கள் உங்கள் போர்டில் இருந்தால் இன்னும் கூர்ந்து பாருங்கள், அவை அதிகம் கெடுபவை என்பது இந்த வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சுடாத ராமும் செத்திருக்கலாம். விரல் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லும், யாரையும் நிரபராதி என்று சொல்லாது.

சிக்னலே இல்லை என்றால்: வீடியோ சிப்பும் கடிகாரமும்

ப்ராசஸருக்கான கடிகாரத் துடிப்பைத் தருவதே வீடியோ சிப்தான். அது நின்றால் எல்லாம் நிற்கும். 6510 ப்ராசஸர் யு7-ல் இருக்கிறது, அதன் 1-ம் காலில் துடிப்பு வர வேண்டும்: பால் மாடலில் 0.985 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்க மாடலில் 1.023. ஆசிலாஸ்கோப் இல்லாவிட்டால் லாஜிக் ப்ரோப் போதும், துடிப்பு விளக்கு எரியும். வெறும் மல்டிமீட்டர் மட்டும்தான் என்றால் டிசியில் வைத்துப் பாருங்கள். முழு 5-ம் இல்லாமல் 0-ம் இல்லாமல் நடுவே 2 வோல்ட்டைச் சுற்றிக் காட்டினால் ஏதோ துடிக்கிறது என்று கொள்ளலாம்.

துடிப்பு இல்லை, மின்னழுத்தம் எல்லாம் சரி என்றால் சந்தேகம் இரண்டு பேர் மேல்: வீடியோ சிப், அல்லது அதற்குத் துடிப்பு தரும் கிரிஸ்டல் பகுதி. பால் கிரிஸ்டல் 17.734472 மெகாஹெர்ட்ஸ். பிந்தைய போர்டுகளில் 8701 என்ற ஒரே சிப் அந்த வேலையைச் செய்கிறது. வீடியோ சிப்பைச் சோதிக்க இன்னொரு நல்ல கணினியில் போட்டுப் பார்ப்பதைத் தவிர நேர்வழி இல்லை. பாலுக்கு 6569, அமெரிக்க மாடலுக்கு 6567. ஒன்றுக்குப் பதில் மற்றதைச் சும்மா செருகினால் சரிவராது.

சிக்னல் உண்டு, திரை கறுப்பு: பெரும்பாலானோர் வந்து நிற்கும் இடம்

முதலில் ரீசெட். 6510-ன் 40-ம் காலில் மல்டிமீட்டரை வைத்தபடி ஆன் செய்யுங்கள். ஒரு கணம் 0-ல் நின்று, பிறகு 5-ஐ நோக்கி ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் ப்ராசஸர் தூங்கிக்கொண்டே இருக்கும். ரீசெட்டைத் தருவது யு20-ல் இருக்கும் 556 டைமரும் யு8-ல் இருக்கும் 7406-ம். இரண்டுமே மலிவானவை.

ரீசெட் சரி, துடிப்பும் சரி என்றால் இனி ஊகத்தில் போக வேண்டாம். டெட் டெஸ்ட் என்ற கார்ட்ரிட்ஜ் ஒன்று உண்டு, எண் 781220, கமடோர் நிறுவனமே தன் சர்வீஸ் ஆட்களுக்காகச் செய்தது. இன்று அதன் நகல்கள் எளிதில் கிடைக்கின்றன. அதன் சிறப்பு என்னவென்றால் கெர்னல் ரோமின் இடத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது, ஆகவே ரோம்கள் செத்திருந்தாலும் ராம் செத்திருந்தாலும் இது ஓடும். செருகி ஆன் செய்தால் சுமார் 10 விநாடி திரை கறுப்பாகவே இருக்கும், பொறுமையாக இருங்கள். ராமில் கோளாறு இருந்தால் திரை பளிச் பளிச்சென்று மின்னி நிற்கும், மறுபடி அதே எண்ணிக்கையில் மின்னும். ஒரு மின்னல் என்றால் யு12. இரண்டு யு24, மூன்று யு11, நான்கு யு23, ஐந்து யு10, ஆறு யு22, ஏழு யு9, எட்டு யு21. இரண்டே ராம் உள்ள போர்டில் ஒன்று முதல் நான்கு வரை ஒரு சிப், ஐந்து முதல் எட்டு வரை மற்றது.

இந்த எண்ணிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை மாறினாலோ எப்போதும் ஒன்று என்றே வந்தாலோ, கோளாறு ராமில் இல்லாமல் அதற்கு முகவரி தரும் யு13, யு25 சிப்களில் இருக்கலாம். அவை 74எல்எஸ்257. சில போர்டுகளில் கமடோர் தானே தயாரித்த 7708 என்ற எண் அச்சிட்ட சிப் அங்கே இருக்கும். அதைக் கண்டால் யோசிக்காமல் மாற்றுபவர்கள் இருக்கிறார்கள், நானும் அந்தக் கட்சிதான். இன்னொன்று: இந்தக் கார்ட்ரிட்ஜ் முதல் 4 கிலோபைட்டை மட்டுமே சோதிக்கிறது. ஒரு சிப் மேல்பகுதியில் மட்டும் கெட்டிருந்தால் தப்பிவிடும்.

மின்னவும் இல்லை, படமும் இல்லை, கார்ட்ரிட்ஜோடும் கறுப்புத் திரைதான் என்றால் மிச்சம் இருப்பது பிஎல்ஏ, ப்ராசஸர், வீடியோ சிப். இதில் நான் முதலில் பிஎல்ஏவைத்தான் மாற்றுவேன். யு17-ல் இருக்கும் இந்தச் சிப்தான் எந்த நேரத்தில் ராம், எந்த நேரத்தில் ரோம் பேச வேண்டும் என்று முடிவு செய்கிறது. சூடாக ஓடுகிறது, அதிகம் சாகிறது. 906114-01 அல்லது 82எஸ்100 என்று எழுதியிருக்கும். இதே வேலைக்கென்று இன்று செய்யப்படும் மாற்றுச் சிப்கள் அசலைவிடக் குளிர்ச்சியாக ஓடுகின்றன. 27சி512 ஈப்ராமில் (நாமே எழுதக்கூடிய மெமரிச் சிப்) எழுதிப் போடும் முறை மலிவு, ஆனால் அதன் நேரக் கணக்கு அசலோடு முழுக்க ஒத்துப்போகாததால் சில போர்டுகளில் விசித்திரமான தொல்லை தரும். சோதிக்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

டெட் டெஸ்ட் நன்றாக ஓடி எல்லாம் சரி என்கிறது, கார்ட்ரிட்ஜைக் கழற்றினால் மட்டும் கறுப்பு என்றால் யு4, கெர்னல் ரோம், எண் 901227. இதற்குப் பதில் 2764 ஈப்ராமை நேரடியாகச் செருக முடியாது, கால்களின் எண்ணிக்கையே வேறு. இடையில் அடாப்டர் வேண்டும்.

சிப்பைக் கழற்றும் முறை

இந்தப் போர்டின் செம்புத் தடங்கள் மென்மையானவை. சிப்பை முழுதாகக் காப்பாற்றப் பார்த்தால் போர்டு போய்விடும். அது எப்படியும் செத்த சிப், தயங்காமல் கட்டரால் எல்லாக் கால்களையும் உடம்பை ஒட்டி வெட்டுங்கள். உடல் தனியே வந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு காலையும் சாமணத்தில் பிடித்துக்கொண்டு, கீழிருந்து 350 டிகிரியில் சூடாக்கினால் தானாகவே வழுக்கி வரும். வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், கொஞ்சம் புது ஈயம் சேர்த்து மறுபடி சூடாக்குங்கள். கிரவுண்ட் கால் அகலமான செம்போடு சேர்ந்திருப்பதால் அதற்கு மட்டும் கூடுதல் நேரம் எடுக்கும். எல்லாக் கால்களும் வந்தபின் துளைகளைப் பம்பால் உறிஞ்சிச் சுத்தம் செய்து, சிப்பை நேராக ஒட்டாமல் சாக்கெட் வையுங்கள். சாக்கெட்டின் ஒவ்வொரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவே பீப் (ஷார்ட்) வரவில்லை என்று உறுதிசெய்த பிறகே பவர்.

ராமைக் கழற்றும் முன், நல்ல ராம் ஒன்றை அதன் முதுகில் கால்கள் தொடும்படி அழுத்திவைத்து ஆன் செய்து பார்ப்பதும் உண்டு. பழைய சிப் பேசாமல் செத்திருந்தால் இந்த வித்தை பலிக்கும். உள்ளே ஷார்ட் ஆகிச் செத்திருந்தால் பலிக்காது. ஆகவே பலிக்கவில்லை என்பதற்காக அந்த ராம் நல்லது என்று எழுதிவிடாதீர்கள்.

கெப்பாசிட்டர்களைப் பற்றி நான் இதுவரை பேசவில்லை, காரணத்தோடுதான். இந்தக் கணினியில் அவை கறுப்புத் திரைக்குக் காரணமாக இருப்பது அரிது. படத்தில் அலை ஓடினாலோ ஒலியில் இரைச்சல் வந்தாலோ மாற்றலாம், முதல் வேலையாக வேண்டாம்.

நீலத் திரை வந்த பிறகு

வாசகத்தில் 38911 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் ராம் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை, கெர்னல் சோதிக்கும்போது எங்கோ இடறி அங்கேயே கணக்கை முடித்திருக்கிறது. எண் சரியென்றால் 586220 என்ற டயக்னாஸ்டிக் கார்ட்ரிட்ஜைப் போட்டு இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள், சூடான பிறகு மட்டும் தலைகாட்டும் கோளாறுகள் அப்போதுதான் வெளியே வரும். சிட்டைக் கடைசியில் திரும்பப் போடுங்கள், பவரை அணைத்துவிட்டு.

மூடும்போது அட்டையில் ஒட்டிய அலுமினியத் தாளை நான் திரும்ப வைப்பதில்லை, அது சூட்டை உள்ளே அடைக்கிறது. தகர மூடியானால் கதை வேறு, அதன் விரல்கள் சிப்களைத் தொட்டுச் சூட்டை இழுக்கின்றன. காய்ந்துபோன வெள்ளைப் பசையைச் சுரண்டிவிட்டுப் புதுத் தெர்மல் பேஸ்ட் தடவி, திரும்பப் பொருத்துங்கள்.